வண்டி போகாத தடம்

உவரிக் கோயிலுக்குப் போகிறவர்கள் கடலோரமாக நடந்து கஷ்டப்பட வேண்டாம். பனங்காட்டு வழியே வண்டித் தடம் நேராகக் கோயில் வரைக்கும் போகிறது. மாட்டை அவிழ்த்துக் கட்ட நிழல் உண்டு, தண்ணீர் காட்டக் கிணறும் உண்டு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆனி மாதம். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளிச் சுமந்து கரையில் கொட்டுவதாக அந்தச் சாமிக்கு நேர்ந்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வீட்டுக்காரர், மாமியார், நான் மூவரும் வில்வண்டியில் புறப்பட்டோம். என் பிறந்த ஊர் கோயிலுக்குப் பக்கம்தான். முதலில் அம்மாவையும் தங்கையையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். நேர்ச்சைதான் முதலில் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

கடல் தெரிந்ததும் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். "இங்கனயே எறங்கிக்கோ. காத்துல தடமெல்லாம் மண்ணு மூடிக் கெடக்காம். அம்மையோட கரையோரமாப் பைய நடந்து போ. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அங்கன வந்துருதேன்."

சின்ன வயதில் அந்தத் தடத்தில் நான் வண்டியிலேயே போயிருக்கிறேன். ஆனாலும் காற்று மணலை எங்கே கொண்டுபோய்ப் போட்டதோ, யார் கண்டது? நம்பினேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. "ஏட்டி, ஈரமண்ணுல நட, காலு புதையாது" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒருநாளும் என்னிடம் அத்தனை பிரியமாக இருந்ததில்லை. நானும் பூரித்துப் போனேன், மடச்சி.

கோயிலுக்கு வந்து பார்த்தால், பனைநிழலில் வண்டிகள் வரிசையாக அவிழ்த்துப் போட்டுக் கிடக்கின்றன. தடத்தை எந்த மணலும் மூடவில்லை. எங்கள் வண்டியைத்தான் காணோம். வருவார், வருவார் என்று ஈரச்சேலையோடு மண் சுமந்து கொட்டினேன்.

அப்போது என் பிறந்த ஊர் வண்டிக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் திகைத்தார். "நீங்க இங்கனயா இருக்கீக, தாயி? மாப்ள வண்டி உங்க வீட்டு வாசல்லல்லா நிக்குது. தங்கச்சிக்குப் பூ வைக்காகளே!"

தங்கையை யாருக்கு நிச்சயம் பண்ணப் பூ வைக்கிறார்கள் என்பது எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆடி பொறக்கதுக்கு முன்ன முடிச்சிரணும்லா. எவளோ ஒருத்தி வாரதுக்கு உன் கூடப்பொறந்தவளே வந்தா உனக்கும் நல்லதுதானட்டி."

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அந்த வண்டிக்காரரோடு ஊருக்குப் போனேன். வீட்டுக்காரர் முன்கூடத்துப் பட்டாசாலையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாயசச் சட்டியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தங்கை உள்ளறையில் தலை நிறையப் பூவோடு இருந்தாள். "உனக்குமாட்டி தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்க்கா. நீ இங்கன இருந்தா அழுது காரியத்தக் கெடுத்துருவியாம். அதான் இன்னைக்கு ஒன்னக் கடக்கரைக்கு அனுப்பிருங்கன்னு அம்மைதான் ஆள் விட்டா."

வீட்டுக்காரரோடு பின்னும் குடித்தனம் நடத்தினேன். தங்கை பெற்ற பிள்ளைகளை என் மடியில் போட்டுத்தான் வளர்த்தேன். அம்மா செத்ததற்கு நான் போகவில்லை.