தவம் அண்ணை வேகத்தைக் குறைத்த கதை

தவம் அண்ணை போய்விட்டார்...

விடியக் கிணற்றடிக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை.

நயினாதீவில் லோஞ்ச் படகில் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, இப்போது இறுப்பிட்டியில் அவர் வீட்டில் இருந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கோ.

தெரியாதவர்களுக்கு... நானும் அவரும் வேலணையில் ஒரே கந்தோரில் வேலை. பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே பஸ். சம்பளத்துக்குக் கந்தோர், சந்தோசத்துக்குக் கொம்பியூட்டர் என்று இருந்த மனிதர்.

வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு சொப்ட்வெயார் போட்டிருந்தார். மருந்து ஆராய்ச்சிக்காரர் தங்கள் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்கச் சும்மா நிற்கிற கொம்பியூட்டர்களுக்கு இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். முடிந்ததும் விடை தானாகத் திரும்பிப் போகும். காசு இல்லை, வெறும் பொயின்ட்ஸ்தான்.

"உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அது சும்மாதானே நிக்குது பிள்ளை. ஆருக்கும் உதவட்டுமன்."

கனடாவில் இருக்கும் அவருடைய தங்கச்சி மகனும் அதே சொப்ட்வெயார். மாமனுக்கும் மருமகனுக்கும் பொயின்ட்ஸில் போட்டி. அவனிடம் புது மெசின், இவரிடம் பழசு... விடுவாரா மனுசன்? ஓவர்க்ளொக் பண்ணினார். கம்பனி சொன்ன வேகத்துக்கு மேலே மெசினைப் போட்டு விரட்டுகிற வேலை.

பிறகென்ன... நீலத் திரை வரும், மெசின் நிற்கும். திருப்பிப் போடுவார். திருப்பியும் நிற்கும்.

காலையில் அவர் பஸ்ஸில் ஏறினதும் நான் கேட்பது, "அண்ணை, உங்கட பிரேதம் எழும்பிட்டுதோ?"

இன்றைக்கு அதை நினைக்க என் வாயை நானே அடிக்க வேணும்போல இருக்கிறது. அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. "இன்னும் இல்லை, ஆனா கிட்ட வந்திட்டன்" என்பார்.

முதலில் கரண்டில் சந்தேகம். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் போட வோல்டேஜ் இறங்குது என்று, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கினார். பிறகு கடற்காற்றில் சந்தேகம். மெசினைத் திறந்து பெயின்ற் பிரஷ்ஷால் உப்புத் தூசி தட்டினார். பிறகு மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோவன்."

"அப்பிடிச் செய்தா எது பிழையெண்டு தெரியாமப் போயிடும் பிள்ளை. ஒண்டை மாத்திப்போட்டு ஒருநாள் பாக்கோணும். நீர் அவசரப்படாதையும்."

இந்தப் பொறுமை எனக்கு ஏழு பிறப்பிலும் வராது.

சரஸ்வதி பூசை வந்தது. அண்ணையின் மனைவி மலர் அக்கா மெசினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூமாலை போட்டு, மேலே பட்டுத் துண்டும் போர்த்திவிட்டா. உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது அவவுக்குத் தெரியாது. நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஃபானுக்குள் செவ்வந்தி இதழ்கள்...

"சரஸ்வதியாலயும் வெக்கை தாங்க ஏலாமப் போச்சு" என்று கந்தோரில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவை ஒரு சொல் பேசவில்லை.

கடைசியில் பெரிய ஃபான் பூட்டி, இன்னும் என்னென்னவோ செய்து, நிற்காமல் ஓடப் பண்ணிவிட்டார். மருமகனையும் முந்தினார். அன்றைக்குக் கந்தோர் முழுக்க வடை.

ஒரு மாதம் போயிருக்கும். பஸ்ஸில் முகம் செத்துப்போய் இருந்தார். என்னவென்று கேட்டேன்.

ஒரே கணக்கை இரண்டு மெசின்களுக்குக் கொடுத்து, விடையை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். இவர் அனுப்பினதில் கொஞ்சம் பிழை என்று வந்திருக்கிறது. மெசின் நிற்கவில்லை... ஆனால் அந்த வேகத்தில் கணக்கைப் பிழையாகச் செய்திருக்கிறது.

"அவங்கள் பிழையை எறிஞ்சுபோடுவாங்கள்தானே அண்ணை. விடுங்கோ. பொயின்ட்ஸில நீங்கள்தானே முன்னுக்கு."

"அவங்கள் பிடிக்கினம் எண்டதுக்காக நான் பிழையைக் குடுக்கலாமோ? மருந்துக் கணக்கு பிள்ளை. மெசின் நிக்கேக்கை பிழையெண்டு எனக்குத் தெரிஞ்சுது. இது நிக்காமல் பொய் சொல்லியிருக்கு."

அன்றைக்கே ஓவர்க்ளொக்கை எடுத்துவிட்டார். கம்பனி சொன்ன வேகத்துக்கும் கொஞ்சம் கீழே வைத்தார். அதற்குப் பிறகு ஒரு விடையும் பிழை என்று வரவில்லை. மருமகன் பொயின்ட்ஸில் எங்கேயோ முன்னுக்குப் போய்விட்டான். "மாமா, தோத்திட்டீங்கள்" என்று அவன் போனில் சொன்னதைக் கந்தோரில் எல்லாருக்கும் சொன்னதே இவர்தான்... அவ்வளவு சந்தோசமாக.

இப்படி ஒரு மனுசனோடு பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். எனக்கு அது பெருமை.

இன்றைக்கு மத்தியானம் அண்ணையைக் கொண்டுவந்தார்கள். ஹோலில் வைக்க இடம் வேணும் என்று சாமான்களை ஒதுக்கும்போது ஆரோ கொம்பியூட்டர் பிளக்கை இழுத்துவிட்டார்கள். யூபிஎஸ் கீ... கீ... என்று கத்தத் தொடங்கியது.

அழுதுகொண்டிருந்த மலர் அக்கா எழும்பி வந்தா. முன்பெல்லாம் இதே அக்கா, "உந்த இரைச்சலோட மனிசர் இருக்க ஏலாது, கடலில கொண்டுபோய்ப் போடுங்கோ" என்று எத்தனை தரம் ஏசியிருப்பா.

"அதை நிப்பாட்டாதேங்கோ! அவரின்ரை கணக்கு ஓடுது!"

"நிண்டாலும் பரவாயில்லை அக்கா. அவங்கள் வேற ஆருக்கும் குடுப்பினம்" என்றேன்.

"அவர் தொடங்கினது தங்கச்சி. அவரின்ரை பேரில போகட்டும்."

ஒருவர் மெசினைத் தூக்க, நான் யூபிஎஸ்ஸைத் தூக்க, அது கத்திக் கத்தியே அடுப்படிக் குசினிக்குப் போனது. அங்கே பிளக்கைக் குத்தின பிறகுதான் அக்கா திரும்பிப் போய் அண்ணையின் தலைமாட்டில் இருந்தா.

திரையைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு முடிய நாளைப் பின்னேரம் ஆகுமாம். நாளைக் காலை கிரியை.

அந்தப் பழைய வேகத்தில் விட்டிருந்தால் இன்றைக்கே முடிந்திருக்கும்...

போயிட்டு வாங்கோ அண்ணை. கணக்கு முடியுமட்டும் நான் குசினிக்குள்ளதான் இருக்கிறன்.