முனியாண்டிக்கு ஐசி இல்லை

நாலு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்த நேரம். சிரம்பானில் வியாபாரம் பதிவு செய்யும் ஆபீசுக்கு நானும் என் கூட்டாளியும் போன நாளைத்தான் சொல்கிறேன்.

சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் மரம் வெட்டியவர்கள் நாங்கள். தோட்டத்தை விற்ற பிறகு எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்றோம். கைப்பக்குவம் என்னுடையது, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. காய் வாங்குவது, வெயிலில் காய வைப்பது, போத்தல் கழுவுவது, பேருந்தில் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் இரண்டு பேரும்தான். முதல் நாளே பேசி வைத்தது: எனக்கு ஒரு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு, தோட்டத்து முச்சந்தியில் இருக்கிற முனியாண்டிக்கு ஒரு பங்கு.

லோபாக்கில் ஒரு மளிகைக் கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு, தீபாவளிக்கு இருநூறு போத்தல் கேட்டார். "ஆனா பதிவு செஞ்ச பேப்பர் வேணும் லா. இல்லாட்டி நான் கடையில வைக்க முடியாது" என்றார்.

மகன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். அதனால் என்ன, வாய் இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம்.

கவுண்டரில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பொறுமையாகச் சொன்னாள். "ஒரு ஆள் பேர்லயும் போடலாம் பாட்டி, ரெண்டு மூணு பேர் சேந்து கூட்டாவும் போடலாம். செண்டிரியான் பெர்ஹாட்னா பெரிய கம்பெனி, அதுக்குச் செலவும் வேலையும் அதிகம்."

"அவ்ளோ பெரிய சட்டை எங்களுக்கு எதுக்கு? கூட்டாவே போடு. மொத்தம் மூணு பேரு" என்றேன்.

"மூணாவது ஆளு வரலியா?"

"முனியாண்டி எப்படிம்மா வருவாரு? தோட்டத்துலதான இருக்காரு."

அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். "முனியாண்டி… அப்பா பேரு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சாமிக்கு ஏதும்மா அப்பா பேரு?" என்றாள் என் கூட்டாளி.

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தாள். ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத ஆளைக் கூட்டில் சேர்க்க முடியாதாம். நான் விடவில்லை. மூன்று பங்கு என்று சாமியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம், பேப்பரில் இரண்டு என்று போட்டால் அது பொய்யாகிவிடாதா என்று கேட்டேன். உள்ளே இருந்த மலாய் அதிகாரியே எழுந்து வந்தார். "டத்தோக்குக்கு ஐசி கிடையாதே, மாக்சிக்" என்று, காவல் சாமிக்கு மலாயில் சொல்கிற பேரைச் சொல்லி, என்னையும் பெரியம்மா முறையில் கூப்பிட்டு, சிரிக்காமல் சொன்னார். சாமிக்குக் கொடுப்பதை உங்கள் கையால் கொடுங்கள், அதற்குப் பேப்பர் தேவையில்லை என்றார். அதற்கு மேல்தான் அடங்கினேன்.

பிறகு அந்தப் பிள்ளை இன்னொன்று சொன்னாள். கூட்டு என்றால் லாபம் மட்டும் இல்லை, வியாபாரத்தில் கடன் வந்தாலும் இரண்டு பேரும்தான் பொறுப்பு. என் கூட்டாளியின் முகம் வெளுத்துவிட்டது. தோட்டம் போனபோது கிடைத்த சின்ன வீடு ஒன்றுதான் அவளுடைய சொத்து.

"அக்கா பேர்லயே போட்டுடும்மா. நான் கூடமாட வேலை செஞ்சிட்டுப் போறேன்" என்றாள்.

"சரி, என் பேர்லயே போடு" என்றேன் நான். உடனே சொன்னேன். என் ஒருத்தி பேர் மட்டும் அரசாங்கப் பேப்பரில் வரப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். "அப்படிப் போட்டா எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் சொந்தம் பாட்டி. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பதிவும் அதோட முடிஞ்சிரும். அப்ப இவங்க?" கொஞ்சம் நிறுத்தினாள். "சாமி பேருக்கு அரை மணி நேரம் சண்டை போட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கிராணி எங்கள் பேரைப் புத்தகத்தில் போட்டால்தான் அன்றைக்குக் கூலி. பேர் விட்டுப்போன நாளில் வெட்டிய பால் யாருக்கோ. அந்த வலி தெரிந்த நானே, இவளை என்னிடம் கூலியாக வைக்கப் பார்த்தேனே!

அவள் பக்கம் திரும்பினேன். "ஒரு காசு கடன் வாங்க மாட்டேன். முனியாண்டி மேல சத்தியம். நீ கையெழுத்துப் போடு."

"கூட்டுல இருந்து அவரை இப்பதான் தள்ளி விட்ட. அதுக்குள்ள சாட்சிக்குக் கூப்புடுறியா?" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரை எழுதினாள். முழுசாக எழுதி முடிக்கும்வரை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இருநூறு போத்தலும் தீபாவளிக்கு முன்பே தீர்ந்தது. இன்றுவரை ஒரு காசு கடன் வாங்கவில்லை. படிக்காதவள் என்று யாராவது சொன்னால் நான் தலை குனிவதில்லை. ஆனால், கேட்காத சாமிக்காக வாதாடிய இந்த வாய், பக்கத்தில் நின்றவளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததே, அதை நினைக்கும்போது மட்டும் தலை தானாகவே குனிந்துவிடுகிறது.