ஜன்னலுக்குப் பதில் ஒரு கிராமபோன்

கச்சேரிக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்த கதையைப் பத்திரிகையின் இதே பகுதியில் ஒரு முறை எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். என் பாவா மட்டும் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டுவிட்டார் – எனக்குச் சங்கீதம் தெரியும் என்று!

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார்.

"மச்சான், நம்ப தறிக் கொட்டாயில பாட்டு வெக்கணும்ப்பா. மலிவாவும் இருக்கணும், நல்லதாவும் இருக்கணும். நீதான் பாத்து சொல்லணும்."

பாவா என்றால் என் அக்காவின் கணவர். பெயர் நரசிம்மலு. திருத்தணியில், மலைக்குப் போகிற சாலையை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை போட்டுப் பத்துத் தறி வைத்திருக்கிறார். கைலி நெய்கிறார்கள். பக்கத்து ஊரான பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறி உண்டு. அவரவர் வீட்டில் அவரவர் நெய்வார்கள். அந்த ஆட்களைக் கூட்டிவந்து ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, வாசலில் 'ஃபாக்டரி' என்று போர்டு மாட்டியவர் பாவா. கொட்டகையில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே பொருள் அந்தப் போர்டுதான்.

"திடீர்னு பாட்டு எதுக்கு பாவா?" என்றேன், பல்பொடியைத் துப்பிவிட்டு.

"சீமையில யுத்தம் நடந்தப்ப ஃபாக்டரிங்கள்ல பாட்டு வெச்சாங்களாம். பாட்டு கேட்டுகினே வேல செஞ்சா களைப்பே தெரியாதாம். மெட்ராஸ்ல நூல் வியாபாரி சொன்னாரு."

களைப்பு போய்விடும் என்று வியாபாரி சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். பாவாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் இதெல்லாம் மேல்பூச்சு. அடியில் இருந்த சங்கதி ஒரு ஜன்னல்.

கொட்டகைக்குச் சாலைப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. சாலைக்கு அப்பால் ரயில் பாதை. ரயில் போனால் உள்ளே பத்துத் தலையும் திரும்பும். காவடி போனால் இருபது கையும் கும்பிடும். ஒரு கும்பிடுக்கு எத்தனை இழை நஷ்டம் என்று பாவா மனத்துக்குள் கணக்குப் போட்டார். சுவாமியை நேரடியாகக் கோபித்துக்கொள்ள முடியுமா? பங்குனி மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்!

அன்றிலிருந்து பஞ்சுத் தூசிக்கு வெளியே போக வழியில்லை. அது நெய்கிறவர்களின் மூக்கு வழியாக உள்ளே போயிற்று. சித்திரை வெயிலைப் பொறுத்தார்கள், வைகாசியைப் பொறுத்தார்கள். ஆனியில் எல்லாரும் சேர்ந்து பாவாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள் – ஆடிக் கிருத்திகைக்குள் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி அவரவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அதற்குப் பாவா கண்டுபிடித்த பதில்தான் பாட்டு.

"ஜன்னலையே திறந்துடுங்களேன் பாவா. அதைவிட மலிவா என்ன இருக்கு?" என்றேன்.

"நா உன்ன ஜன்னலப் பத்தியா கேட்டேன்? பாட்டப் பத்தி கேட்டேன்."

சரி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுதானே நிபுணனுக்கு அழகு? இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது. துடைத்து மாட்டினேன். எதிரே கன்னியப்பன் தறியை நிறுத்திவிட்டு இருமிக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே மூத்த நெசவாளி. இருமல் ஓயும் வரை எனக்கு வணக்கம் சொல்லக்கூட அவரால் முடியவில்லை.

"பாட்டு வெக்கட்டுங்க சாமி, வாணாம்னு சொல்லல. அந்தச் செங்கல்ல ஒரு நாலு எடுத்துட்டா போதும். ராவெல்லாம் இருமிகினே கீறேன். எம் பொண்டாட்டிக்கும் தூக்கமில்ல."

நான் பாவாவைப் பார்த்தேன். பாவா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டிய எங்க மாட்டலாம், சொல்லு."

முதலில் ரேடியோ. அதற்காக அரக்கோணம் போனோம். கடைக்காரர் மேல்துணியை எடுத்து ரேடியோவைக் காட்டிய விதத்தைப் பார்த்தால், கடையில் திரை விலக்கித் தீபாராதனை நடக்கப்போகிறது என்றே தோன்றியது. திருகினார். 'கொர்ர்ர்' என்றது. இன்னும் திருகினார். யாரோ ஒருவர் இங்கிலீஷில் எதையோ வாசித்தார். அப்புறம் மறுபடியும் 'கொர்ர்ர்'…

"பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார் பாவா.

"வர்றப்ப வரும்ங்க."

கொட்டகையில் மின்சாரம் கிடையாது. ஆகவே பாட்டரி வேண்டும். கூரை மேல் மூங்கில் நட்டுக் கம்பி கட்ட வேண்டும். சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கப் பாவாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் அவரை எழுந்திருக்கவைத்தது செலவு இல்லை. கடைக்காரர் பெருமையாகச் சொன்ன கடைசி வாசகம்.

"தினம் தமிழ்ல நியூஸ் கூட வருதுங்க. ஊர் உலகத்துல நடக்கறது அல்லாம் சொல்றாங்க."

வெளியே வந்ததும் பாவா என் காதில் சொன்னார்: "வாணாம்ப்பா. எந்த மில்லுல எவன் ஸ்ட்ரைக் பண்றான், எவன் கூலி ஒசத்திக் கேக்கறான்னு இந்தப் பொட்டியே சொல்லிக் குடுத்துடும்."

பாவாவை அசடு என்று நினைத்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம்.

சேதியைக் கேட்டு அதிகம் சிரித்தது ராஜம்மாதான். கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றுகிறவள். சுற்றுகிற கை நிற்காமலே பேசுவாள். பாவாவைக் கொட்டகை ஆட்கள் 'நைனா' என்றுதான் சொல்வார்கள்.

"பாட்டுக்கு லைசென்சு வேணுமாமே சாமி? காத்துக்கும் வேணுமோ இன்னாவோ… அதான் நைனா யோசிக்கிறாரு."

அடுத்துப் பாவாவுக்கே ஒரு யோசனை உதித்தது. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் மேளக்காரர்கள் சும்மாத்தானே இருப்பார்கள்? சும்மா இருப்பவர்கள் மலிவாகத்தானே வருவார்கள்?

ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் வந்தன. நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை. பத்துத் தறி ஓடுகிற சத்தம். அதற்குள் தவிலில் முதல் அடி விழுந்ததும் ராஜம்மா ராட்டையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். நெய்கிறவர்கள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள் – மேளம் கொட்டினால் யாரோ தாலி கட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சட்டை போடாத உடம்பெல்லாம் வியர்வை, அதன் மேல் பஞ்சு.

"இன்னாங்க இது, ஒரு ஜன்னல் கூட இல்ல? மூச்சு இழுத்தாத்தானே ஊத முடியும்?"

"பாட்டுக்காரன்னாலே பிகு அதிகம்" என்றார் பாவா, அவர்கள் போன பிறகு.

கடைசியில் கிராமபோன் வந்தது. கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியின் சொத்து. குழாயில் ஒரு நெளிசல். கூடவே நான்கு பாட்டு பிளேட்டுகள் இலவசம். 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் பாவா முடிவு செய்துவிட்டார். என்ன பிளேட் என்று பார்த்தேன். ஒன்றில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் புலம்புகிறாள். இன்னொன்றில் மனைவியைப் பிரிந்த புருஷன் புலம்புகிறான். மூன்றாவதில் இரண்டு பேரும் சேர்ந்து புலம்புகிறார்கள். நான்காவது மட்டும் ஒரு குடிகாரன் பாட்டு – ஓட்டமான ஓட்டம்.

"வேலை செய்யற இடத்துக்கு இதுவா பாவா?"

"அழுதா இன்னா, சிரிச்சா இன்னா? பாட்டு பாட்டுதானே?"

யுத்தம் முடிந்தும் கிராமபோன் ஊசி சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்த ஊசியை மாற்றப் பாவாவுக்கு மனசு வராது. அது தேய்ந்ததும் கருவேல முள்ளைச் சீவிச் செருகினார். முள் குத்தினால் யாருக்குத்தான் வலிக்காது? அந்தத் தாய் முன்னைவிட உருக்கமாகப் புலம்பினாள்!

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

தறியில் உட்காருகிறவனுக்கு ஒரு தாளம் உண்டு. காலால் மிதிப்பான், ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும், பலகையை இழுத்து ஓர் அடி அடிப்பான். காலை முதல் மாலை வரை அந்த அடி ஒரே சீராக இருந்தால்தான் துணியும் ஒரே சீராக இருக்கும். பாட்டு வந்ததும் அந்தத் தாளம் போயிற்று. மூடிய கொட்டகையில் பாட்டு எங்கே போகும்? காதுக்குத்தான் வரும். காது கேட்டால் கை சும்மா இருக்குமா? தாய் புலம்பும்போது கை தளர்ந்தது. அடி லேசாக விழுந்தது. பெட்டியில் சாவி தீரத் தீர அவள் குரல் 'ம்ம்ஹூஊ' என்று கட்டைக் குரலாக இழுக்கும். பத்துத் தறியும் கூடவே இழுக்கும். பாவா ஓடிவந்து சாவி கொடுப்பார். குடிகாரன் பிளேட்டைப் போடுவார். தறியெல்லாம் தலைதெறிக்க ஓடும், அடி பலமாக விழும், இழை அறும்.

பாவா இதை வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா மச்சான், அல்லாரும் பாட்டோட சேந்து வேல செய்றாங்க!"

சேர்ந்துதான் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கைலி மூட்டை பொதட்டூர்பேட்டைக்குப் போயிற்று. இரண்டாம் நாளே திரும்பி வந்தது. கூடவே துணி வாங்குகிற செட்டியாரும் வந்தார். ஒரு கைலியைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தார்.

"நரசிம்மலு, இது கைலியா, கொசுவலையா?"

நானும் பார்த்தேன். ஒரு சாண் நெருக்கமாக இருந்தது, அடுத்த இரண்டு சாண் வெளிச்சம் ஊடுருவிற்று, மறுபடியும் அரைச் சாண் தகடு மாதிரி கெட்டி. அதற்குள் அங்கே வந்துவிட்ட ராஜம்மா துணி மேல் விரலை ஓட்டினாள்.

"இங்க அந்தம்மா புள்ளைய நெனச்சி அழுவுது… இங்க நைனா ஓடியாந்து சாவி குடுக்கறாரு… இதோ, குடிகாரன் வந்துட்டான்!"

செட்டியார்கூடச் சிரித்துவிட்டார். கன்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். அது இருமலாக மாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கோபம் வந்தது.

"பாவா, பெட்டியை வித்துட்டு ஜன்னலைத் திறங்க" என்றேன், எல்லார் எதிரிலும்.

பாவா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "தப்பு பொட்டியில இல்ல, பிளேட்ல கீது. ஒரே ஓட்டமா ஓடற பாட்டா நாலு வாங்கணும். நீ பாத்து சொல்லு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 

ஆடிப் பரணி வந்தது. அன்றே காவடிகள் வர ஆரம்பித்துவிட்டன. சாலை முழுக்க மஞ்சள் துணி, 'அரோகரா' முழக்கம், பம்பைச் சத்தம். பாவா பக்தியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. கொட்டகைக்கு வெளியே, அந்த அடைத்த ஜன்னலுக்கு நேர் முன்னால் கீற்றுப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோர் ஊற்றினார். வெயிலில் மயங்கி உட்கார்ந்த ஒரு காவடிக்காரருக்குத் தன் கையாலேயே பனை விசிறியால் விசிறினார்.

"காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க!" என்று கூட்டத்தை அதட்டினார்.

அவர் முதுகுக்குப் பின்னால், செங்கல்லுக்கு அந்தப் பக்கம், கிராமபோன் புலம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிருத்திகை. மலையேறித் தரிசனம் செய்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு கொட்டகை ஆட்கள் எல்லாரும் பந்தலுக்கு வந்தார்கள். பாவா மோர்ச் செம்பை நீட்டினார். கன்னியப்பன் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். கையில் ஒரு துணி மூட்டை இருந்ததைப் பாவா அப்போதுதான் பார்த்தார்.

"இன்னா கன்னியப்பா, மூட்ட?"

"ஊருக்குப் போறோம் நைனா."

"பாட்டெல்லாம் வெச்சேனே! இன்னா கொற?"

"பாட்டுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. மூச்சுதான் பத்தல."

சண்டை போடவில்லை. சாபம் விடவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ராஜம்மா மட்டும் திரும்பிப் பார்த்து, "நைனா, சாவி குடுக்க மறந்துடாதீங்க" என்றாள்.

நன்றி கெட்டவர்கள் என்று பாவா என்னிடம் ஒரு மணி நேரம் சொன்னார். பாட்டின் அருமை தெரியாதவர்கள் என்றார். பொதட்டூர்பேட்டையில் போய் வேறு ஆள் தேடினார். அங்கே அவருக்கு முன்னாலேயே அவருடைய பாட்டின் புகழ் போயிருந்தது. ஒருவரும் வரவில்லை.

இந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பாவா கொட்டகையில் இருப்பதாகச் சொன்னாள். போனேன். பத்துத் தறியும் அப்படியே நின்றன. நடுவில் முக்காலி மேல் கிராமபோன். பக்கத்தில் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாவா. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பாடிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தம் இல்லாததால் பாட்டு வெகு தெளிவாகக் கேட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். உள்ளே வெளிச்சமாக இருந்தது. சாலைப் பக்கத்துச் சுவரில் செங்கல்லைக் காணோம். ஜன்னல் விரியத் திறந்திருந்தது!

"என்ன பாவா, ஜன்னலைத் திறந்துட்டீங்க?"

பாவா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாள் பூரா ஒண்டியா உக்காந்துகினு கீறேன் பாரு… ஒரே புழுக்கம்ப்பா."

காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதும்.