மாலை போட்ட சுவிட்ச்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை சமயத்தில் கிள்ளானில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் சேர்ந்து, வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். துறைமுகச் சரக்குகளைக் கவனிக்கும் ஓர் ஆபீசுக்கு என்னை அனுப்பினார்கள். கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் சுவிட்ச் பெட்டிகள் இரண்டை ஒரே பெட்டி போல இயங்க வைக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு குட்டைக் கேபிள்களால் கோத்துவிட்டால் ஒன்று தலைமை ஏற்கும், மற்றது அதன் சொல் கேட்கும். எல்லாம் சரியாக ஓடுவதை அந்த ஆபீஸ் முதலாளியிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலையிலேயே போன். நெட்வொர்க் விட்டு விட்டு வருகிறதாம், சரக்குப் பேப்பர் அடிக்க முடியாமல் லோரிகள் வாசலில் நிற்கின்றனவாம். அடித்துப் பிடித்து ஓடினேன். நுழைந்ததும் நுழையாததுமாக, அத்தனை பேர் முன்னாலும் முதலாளி பிடித்துக்கொண்டார்.

"பொம்பளப் பிள்ளைய அனுப்பும்போதே நெனச்சேன் லா. ஒன்ன வேலைய விட்டே தூக்கச் சொல்லி ஒங்க பாஸ்கிட்ட சொல்லிட்டேன்."

நேரே பெட்டிகளின் பின்னால் போய்ப் பார்த்தேன். குட்டைக் கேபிள்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. இணைப்பு போனதால் இரண்டு பெட்டிகளும் நான்தான் தலைவன் என்று ஒரே முகவரியில் பதில் சொல்லி அடித்துக்கொண்டிருந்தன. மேல் பெட்டியில் சந்தனம், குங்குமம்.

யார் கழற்றியது என்று கேட்டேன். "பொட்டு வச்சோம், அவ்ளோதான். யாரும் கழட்டல," என்றார் முதலாளி. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு ஏதோ பொறிதட்டியது. அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தைத் திறந்தேன். பூஜைப் படம் இருந்தது. வாழையிலை, எலுமிச்சம்பழம், கார் சாவி, நடுவில் மாலை போட்டபடி என் சுவிட்ச்! சுற்றிலும் கைகூப்பி நிற்கிறது மொத்த ஆபீசும். படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"புதுசு லா, சாமி முன்னால வைக்காம எப்படி? திரும்ப வச்சாச்சு, லைட்டும் எரியுதே!" என்று சிரித்தார் முதலாளி.

சாமி கும்பிடுவதில் எனக்குக் குறையில்லை. அந்த வருடம் என் ஸ்க்ரூ டிரைவருக்கும் நான் பொட்டு வைத்தவள்தான். ஆனால் என் பிழைப்பில் கைவைத்துவிட்டுச் சிரிக்கிறாரே!

"எங்க பாஸுக்கு இப்பவே போன் போட்டு நடந்தத சொல்லுங்க அங்கிள். அதுவரைக்கும் நான் கேபிளத் தொட மாட்டேன்."

வெளியே லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். வேறு வழியின்றி போன் போட்டார். அதன் பிறகே இரண்டையும் கோத்தேன். கொஞ்ச நேரத்தில் லோரிகள் கிளம்பின, என் வேலையும் தப்பியது. மன்னிப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை.

கிளம்பும்போது அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பூஜைப் பொரிகடலைப் பொட்டலத்தை நீட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா," என்றாள். நான் வாங்கவில்லை.

முதலாளியையாவது அவர் குணமே அப்படி என்று விட்டுவிடலாம். படத்தில் கைகூப்பி நின்றவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை. செய்யாத தப்புக்கு என் கண்ணெதிரே யாராவது திட்டு வாங்கினால், அன்றிலிருந்து நான் குனிந்துகொள்வதில்லை.