ராசாத்தி கேட்ட பெரிய இலை

செடி விற்கிற தொழிலில் கேள்வி கேட்காமல் விற்றால் செடி போய்விடும், கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். செடி விற்றவர்களுக்கும் வாங்கிச் சாகவிட்டவர்களுக்கும் இந்த வேதனை தெரியும்.

நீலகிரி நடுவட்டத்தில் என் நர்சரியில் நடந்த கதைக்கு முன், நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தேயிலை எஸ்டேட்டில் நான் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் வைத்த கல்வாழையை மேஸ்திரி பிடுங்கி எறிந்தார். இரண்டு, அதைக் கண்டித்து நோட்டீஸ் அடித்ததற்காக என் வேலை போனது. மூன்று, வேலை இல்லாதவன் உறுப்பினர் இல்லை என்று, நான் தலைவனாக இருந்து வளர்த்த தொழிற்சங்கமே என்னை வெளியேற்றியது. நான்கு, என்னோடு வேலை பார்த்த ராசாத்தி விஷயம். சிலோனிலிருந்து சிறுபிள்ளையாக வந்தபோது, இறந்துபோன அக்கா செல்லம்மாவின் காகிதத்தில் கப்பலேறியவர். எஸ்டேட் பதிவேட்டிலும் செல்லம்மாவாகவே முப்பது வருடம் கொழுந்து பறித்தார். பெயரைத் திருத்தக் கேட்டு நான் எழுதிய மனுக்கள் பதினொன்றும் தோற்றன.

பெரிய இலை

ஓய்வுபெற்று, இரண்டு சென்டில் வீடு கட்டிக் குடிவந்ததும் ராசாத்தி என் நர்சரிக்கு வந்தார். ஊரில் நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டியில் சேர வேண்டுமாம். அதுவரை தனக்கென்று ஒரு செடி வைத்தவர் இல்லை. அடையாள அட்டை கேட்பார்களா என்றுதான் முதலில் விசாரித்தார். விண்ணப்பத்தில் பெயரும் தெருவும் எழுதினால் போதும், எந்தப் பெயர் எழுதுகிறீர்களோ அதையே பரிசளிப்பில் மைக்கில் வாசிப்பார்கள் என்றேன்.

ரோஜாவைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது, கேட்டேன்.

"தேயிலையில ரெண்டு எலை, ஒரு மொட்டுன்னு முப்பது வருசம் கிள்ளிப் பார்த்தாச்சுங்க தலைவரே. ஆளை மறைக்கிற எலையா குடுங்க."

குரோட்டன்ஸ்

செல்போனில் ஒரு கடலோர விடுதியின் படத்தை வைத்திருந்தார். சிவப்புக் குரோட்டன்ஸும் தட்டு அகல இலைகளும். அதெல்லாம் நம் மலையின் உறைபனியை ஒரு நாள்கூடத் தாங்காது. உங்கள் வாசலில் விடியற்காலையில் புல் எங்கே பனியில் வெளுத்துக் கிடக்கும் என்று கேட்டேன். குச்சியால் மண்ணில் கோடு போட்டு, எந்த மூலையில் வெயில் முதலில் விழும் என்பதுவரை காட்டினார். இதுவரை எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு கச்சிதமாகச் சொன்னதில்லை.

நிழல் சுவரோரம் மரப்பெரணி, தண்ணீர் வடியும் இடத்தில் இஞ்சி லில்லி, மற்ற இடமெல்லாம் கல்வாழை என்று முடிவு செய்தோம். மூன்றும் பார்க்க வெப்பநாட்டுக் காடு போலிருக்கும்; முதல்முறை வளர்ப்பவரையும் மன்னிக்கும். பணம் கொடுத்த பிறகும் ராசாத்தி நகரவில்லை.

"அந்தக் குரோட்டன்ஸ் ஒண்ணும் குடுங்க. செத்தாலும் என் பேர்லயே சாகட்டும்."

கவாத்து

ஜனவரியில் பனி விழுந்தது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி, வீங்கிய கண்ணோடு வந்தார். போய்ப் பார்த்தேன். மரப்பெரணி அசையாமல் நின்றது. குரோட்டன்ஸ் தீர்ந்தது. கல்வாழை கருகிக் கூழாகிக் கிடந்தது. கத்தியை எடுத்துத் தரையோடு வெட்டப் போனேன். பதறித் தடுத்தார். மறுபடி தளிர்க்கத் தேயிலையைக் கவாத்து வெட்டுவதில்லையா, வேர் உயிரோடுதான் இருக்கிறது என்றேன். என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, அத்தனையையும் அவரே வெட்டினார்.

"கவாத்துன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அழுதிருப்பேனா? நோட்டீஸ் மட்டும் நீளமா எழுதுவீங்க."

மைக்

மே மாதம் நடுவர்கள் வந்தபோது கல்வாழை என் தலைக்கு மேல் நின்றது. பரிசளிப்பு நாளில் கூடம் நிறைய எஸ்டேட் ஆட்கள். எல்லோருக்கும் அவர் செல்லம்மாதான். முதல் பரிசு வழக்கம்போல ஒரு பங்களாவுக்குப் போனது. அடுத்து, "இரண்டாம் பரிசு, ராசாத்தி" என்று வாசித்தார்கள். யாரும் எழவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து அவரும் யாரென்று சுற்றிப் பார்த்தார். வாசித்தவர் மறுபடி, இன்னும் உரக்க, "ராசாத்தி" என்றார். காலையில் எஸ்டேட்டில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதுபோல, அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றார்.

"இருக்கேனுங்க."

என் பதினொரு மனுக்களால் முடியாததை, மேஸ்திரி பிடுங்கி எறிந்த அதே ஜாதிக் கல்வாழை முடித்துவைத்தது என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.