சிராஜுதீன் பாயின் கடைசி வரி

ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே நுழைந்ததும் சிராஜுதீன் சாமான் பையைக் கீழே வைப்பார், தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டில் கால் நுனியை வைத்து நிமிர்ந்து நிற்பார், கீழே பார்த்து உரக்க வாசிப்பார்.

"ட... ப, ர... ம, ங, ய... அதுக்கப்புறம் நம்ம சரக்குதான் தெரியுது."

நெல்லித்தோப்பில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை எல்லாக் கடையிலும் சுவரில் தொங்கும். இவர் கடையில் சுவரில் ஒன்று, தரையில் ஒன்று. தரையில் ஒட்டியதில் பெரிய எழுத்து தள்ளி இருக்கும். எழுத்து சின்னதாக ஆக ஆக வரி கிட்டே வரும், கடைசி வரி கால் விரலை இடித்துக்கொண்டு இருக்கும். நடுவில் குறுக்கே நிற்பது அவருடைய தொப்பை. அது எவ்வளவு வழிவிடுகிறதோ அவ்வளவு வரி தெரியும். குனியக் கூடாது, மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளவும் கூடாது. "அது காப்பி அடிச்சு பாஸ் பண்ற மாதிரி சார். யாரை ஏமாத்தறோம்?" என்பார்.

எடை பார்க்கிற மெஷின் வாங்கக் கூடாதா என்று கேட்டேன். "மெஷின் கிலோவச் சொல்லும். என் காலு எனக்குத் தெரியுதான்னு சொல்லுமா?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய பிரச்சினை கிலோ அல்ல, கால்.

அதற்குக் காரணம் போன வருடம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, நடந்த கதை. பெத்தாங்க் என்று ஓர் ஆட்டம். கைக்கு அடங்குகிற இரும்புக் குண்டை எறிந்து, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனாலும் ஊர் அந்த ஆட்டத்தை விடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் ஆரம்பித்த கிளப் ஒன்றில் சிராஜுதீனும் மதிவாணனும் வெகுகாலமாக ஜோடி. மதிவாணன் மின்துறையில் வேலை பார்த்தவர், கம்பம் ஏறியே வயிறு ஒட்டிப்போன மனிதர். ஆட்டம் முடிந்ததும் தன் குண்டுகளோடு சிராஜுதீனின் குண்டுகளையும் அவர்தான் குனிந்து பொறுக்குவார். குனிந்தால் எழ முடியாது என்பதால் பாய் கையைக் கட்டிக்கொண்டு, "அதோ அங்க ஒண்ணு" என்று வழிகாட்டுவதோடு சரி.

இறுதி ஆட்டத்தின் கடைசிக் குண்டு சிராஜுதீன் கையில் இருந்தது. எறிந்தார். அது உருண்டுபோய் மரக்குண்டை உரசிக்கொண்டு நின்றது. கூட்டம் "பிராவோ!" என்று கத்தியது. நடுவராக நின்ற ராஜாம்பாள் மட்டும் கையைத் தூக்கினார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், விசில் இல்லாமலே விசில் குரல்.

"கால் கோட்டு மேல. இந்தக் குண்டு செல்லாது."

எறிகிறவர் மண்ணில் கீறிய வட்டத்துக்குள் நிற்க வேண்டும், குண்டு கீழே விழும்வரை கால் கோட்டைத் தொடக் கூடாது என்பது விதி.

"இல்ல டீச்சர், உள்ளதான் இருந்துச்சு. சத்தியமா."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

சிராஜுதீன் கீழே பார்த்தார். சட்டைப் பொத்தான் தெரிந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் தென்னைமரத்துக் காக்கைகள் பறந்தன. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதருக்குத் தன் கால் தெரியவில்லை. ஆட்டமும் போயிற்று, கோப்பையும் போயிற்று.

திரும்பி வருகிற வழியில் மதிவாணன் வண்டியை ஓரமாக நிறுத்தினாராம். "யோவ் பாய், கோவத்துல சொல்லல. முதலியார்பேட்டை ஆளு ஒருத்தரு அடுத்த வருஷம் சேந்து ஆடலாமான்னு கேக்கறாரு. உன் காலை நீயே பாக்கற மாதிரி வந்துட்டீன்னா அவருக்கு இல்லன்னு சொல்லிடறேன். எனக்கும் ஒரு தடவ ஜெயிக்கணும்யா."

இதைச் சொல்லும்போது மட்டும் சிராஜுதீனுக்குச் சிரிப்பு வராது. "அவன் சொன்னதுல தப்பே இல்ல சார். ஆனா அவன் வேற ஆளோட நிக்கறத நான் பாக்கணுமா? என் ஞாயித்துக்கெழமையே அவந்தான்."

உடனே இளைத்துவிட வேண்டும் என்று முதலில் அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. டிவியில் பார்த்து ஓர் அதிரும் பெல்ட் வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்ததில் கண்ணாடிதான் மூக்கிலிருந்து இறங்கியது, வயிறு இறங்கவில்லை. பிறகு ஒரு வாரம் வெறும் வெள்ளரிக்காய். எட்டாம் நாள் புரோட்டாக் கடைக்குள் அவர் நுழைந்த வேகத்தைப் பார்த்து மாஸ்டரே பயந்துபோனார். கட்டிலில் படுத்து எழுந்து பயிற்சி செய்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பார்க்கப் போன டாக்டர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: "வயித்த மட்டும் தனியா கரைக்க வழியே கெடையாது பாய். சாப்பாட்டக் கொறைங்க, வேகமா நடங்க, கை காலுக்கு வேலை குடுங்க. மொத்த உடம்பும் எறங்கினா அதுவும் கூடவே எறங்கும்."

அதைத் தன் தொழில் பாஷையில் மாற்றிக்கொண்ட பிறகுதான் அவருக்குப் புத்தியில் ஏறியது. "கண்ணாடிப் பவர ஒரேடியா மாத்தினா தலை சுத்தும் சார். பாயிண்ட் டூ ஃபைவ், பாயிண்ட் டூ ஃபைவாத்தான் போவணும்." அன்றிலிருந்து சோற்றில் பாயிண்ட் டூ ஃபைவ் குறைந்தது, அந்த இடத்தில் கீரையும் அவரைக்காயும் வந்தன. வறுத்த மீன் போய்க் குழம்பு மீன் வந்தது. டீயில் சர்க்கரை அரை ஸ்பூனாகி, கால் ஸ்பூனாகி, ஒரு நாள் காணாமல் போனது. சாயங்காலம் சாப்பிடுகிற தேங்காய் பன் சுண்டலாயிற்று. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அவர் மனைவி பதுருன்னிசா என்னிடம் தனியாகச் சொன்னார்: "சோத்துக் கரண்டிய நான் சின்னதா மாத்தி ரெண்டு மாசம் ஆவுது. கண்ணாடிக் கடைக்காரருக்கு இன்னும் கண்ணுல படல." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பகலில் ஆளில்லாத நேரம் பார்த்து, முழங்கையை ஊன்றிப் பலகை போல உடம்பை நீட்டி நிற்கிற பயிற்சியைக் கல்லாவுக்குப் பின்னால் செய்வார். ஒரு நாள் கண்ணாடி வாங்க வந்த கமலவேணி அம்மாள் எட்டிப் பார்த்தார். குப்புறக் கிடந்து நடுங்கும் பாயைப் பார்த்ததும், "ஐயோ, பாய் வுழுந்துட்டாரு! யாராவது வாங்களேன்!" என்று அலறி, கையில் இருந்த பாட்டில் தண்ணீரை முழுவதும் அவர் தலையில் ஊற்றிவிட்டார். "எக்சர்சைஸ்மா..." என்று தரையிலிருந்து குரல் வந்திருக்கிறது. "எக்சர்சைஸா? இந்த வயசுல தரையில படுத்து என்னா எக்சர்சைஸு? எழுந்து என் கண்ணாடியக் குடுங்க!" தெருவே கூடிவிட்டது. மறுநாளிலிருந்து அதே பயிற்சியை அவர் வாசலில், எல்லோரும் பார்க்கவே செய்தார். ஒளித்துச் செய்தால்தானே தண்ணீர் ஊற்றுகிறார்கள்!

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் அவருடைய நடை ஆரம்பமாகும். துணைக்கு நானும் போனேன். பாய் முன்னால் வேகமாகப் போவார், நான் மிளகாய் பஜ்ஜி வண்டியோடு தேங்கிவிடுவேன். இந்த ஒரு வருடத்தில் அவருக்கு இரண்டு அங்குலம் குறைந்தது என்றால் அதில் ஒன்று எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "ஊருல உள்ள தொப்பை ஊருலதான் சார் இருக்கும், ஆளுதான் மாறும்" என்று அவர் என்னைக் கிண்டல் செய்தார். கேட்டுக்கொண்டேன், வாயில் பஜ்ஜி இருந்தது.

சறுக்கலும் இல்லாமல் இல்லை. நோன்பு மாதத்தில் தானாக இளைத்துவிடும் என்று நம்பியிருந்தார். நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு வடையும் சமோசாவும் வரிசை கட்டியதில், அதுவரை தெரிந்த இரண்டு வரி மறைந்துபோயிற்று. பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று கோட்டில் நின்று ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. "மதி அந்த ஆளுக்கு இன்னும் பதில் சொல்லலையாம் சார்" என்றார். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு, "பாயிண்ட் டூ ஃபைவ்" என்று முணுமுணுத்தபடி சுண்டல் டப்பாவைத் திறந்தார்.

ஜூன் கடைசியில் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது. "சார், கடைசி வரி தெரியுது! அதுக்குக் கீழ கட்டை விரலு தெரியுது! நகம் வெட்டணும் சார்!" அன்றைக்கே மதிவாணனைக் கடைக்கு வரவழைத்து, கோட்டில் நின்று, குனியாமல், மூச்சை இழுக்காமல் முழு அட்டையையும் வாசித்துக் காட்டினார். மதிவாணன் எதிரில் நின்று பரிசோதகர் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். முடிந்ததும் போனை எடுத்து முதலியார்பேட்டைக்காரரைக் கூப்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஜோடி இருக்கு" என்றார். பாய் சட்டென்று திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த ஜூலை பதினாலிலும் கடைசிக் குண்டு அவர் கைக்கே வந்தது. இரண்டு பக்கமும் பன்னிரண்டு புள்ளி. பதின்மூன்றை யார் எடுக்கிறாரோ அவருக்குக் கோப்பை. தொப்பை போய்விடவில்லை. சட்டைக்குள் அது இன்னும் ஒரு சின்ன மேடாக இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைத் தாண்டி அவர் கீழே பார்த்தார், வெள்ளை ஷூ இரண்டையும் வட்டத்துக்குள் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். ராஜாம்பாள் டீச்சர் வட்டத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதுருன்னிசா கண்ணை மூடிக்கொண்டார். நான் பஜ்ஜிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

குண்டு மேலே போயிற்று, இறங்கிற்று, எதிராளியின் குண்டைத் தாண்டி உருண்டு மரக்குண்டின் பக்கத்தில் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"கால் உள்ள" என்றார் ராஜாம்பாள்.

"தெரியும் டீச்சர். நானே பாத்தேன்" என்றார் சிராஜுதீன்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. மதிவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் குண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். சிராஜுதீன் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார். "ம்ஹும்" என்று ஒரு முனகலோடு தானே குனிந்து, முதலில் மதிவாணனின் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டை நுனியால் மண்ணைத் துடைத்து அவர் கையில் வைத்தார்.