மூன்றாவது துளை

நான் பைக் மெக்கானிக். கையால் பிடித்து முறுக்கிப் பார்க்க முடிகிறதைத்தான் நம்புவேன். இதையும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் ஷெட்டிலேயே, என் கண்ணெதிரே நடந்தது.

என் தம்பி நெட்டை. வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஒட்டகச்சிவிங்கிதான். பதினெட்டு வயதில் அப்பாவின் பழைய பைக் அவன் கைக்கு வந்தது. உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

"அக்கா, ஃபுட்ரெஸ்ட், கியர், பிரேக் எல்லாத்தையும் கொஞ்சம் முன்னாடி தள்ளிக் குடு. தவளை மாதிரி உட்காந்து ஓட்ட வேண்டியிருக்கு."

"அடுத்த வாரம் பண்றேன்டா."

பதினொரு வாரம் இதையே சொன்னேன். ஊரார் வண்டியெல்லாம் பார்த்தேன், அவனுக்கு மட்டும் நேரமில்லை. ஒரு காய்ச்சல்... நான்கே நாள். போய்விட்டான்.

இரண்டு வருடம் அந்த வண்டியை நான் தொடவில்லை. போன மாதம் அம்மா சொன்னாள்: "வித்துடலாம். அதுக்கு முன்னாடி அவன் கேட்டதைச் செஞ்சு குடுத்துடு."

லேத்காரர் இரண்டு இரும்புத் தகடு செய்து தந்தார். ஒவ்வொன்றிலும் வரிசையாக மூன்று துளை. ஓட்டுகிறவர் உயரத்துக்குத் தகுந்த துளையில் ஃபுட்ரெஸ்ட்டை மாட்டலாம். தகடுகளை இன்ஜினுக்கு முன்னால் பொருத்தினேன். கியருக்கும் பிரேக்குக்கும் நீளமான கம்பி போட்டேன். அளவு பார்க்க அவன் இல்லை. அவன் ஜீன்ஸை சீட்டில் விரித்துப் பார்த்தேன். நடுத் துளை சரியாக வந்தது. இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்டில் கோடு போட்டேன். போல்ட் துளி அசைந்தாலும் கோடு உடைந்துவிடும்.

மணி 1.10. ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாவி என்னிடம் மட்டும்தான்.

2.05க்குத் திறந்தேன். ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மூன்றாவது துளையில் இருந்தன. அங்கேயும் போல்ட்டின் மேல் மஞ்சள் கோடு உடையாமல் இருந்தது.

துக்கத்தில் நானே மாற்றி மாட்டியிருப்பேன் என்று நினைத்தேன். கழற்றி, நடுத் துளையில் மறுபடி மாட்டினேன். மறுபடி கோடு.

5.40. மழை. கரண்ட் போனது. வேறொரு வண்டிக்கு செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால்...

கிர்ர்... கிர்ர்...

ஸ்பானர் திரும்பும் சத்தம். எனக்குத் தெரியாதா?

திரும்பினேன். யாரும் இல்லை.

அவன் வண்டியின் பின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

டக். முதல் கியர்.

டக். நியூட்ரல்.

ஓடப் பார்த்தேன். ஷட்டர் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"டேய்... முட்டி இடிக்குதா?"

வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"லேட் பண்ணிட்டேன்டா. மன்னிச்சுடு."

ஸ்பிரிங் மேலே எழுந்தது. குனிந்து ஃபுட்ரெஸ்ட்டைப் பார்த்தேன்.

மூன்றாவது துளை.

மறுநாள் காலை லேத்காரர் வந்து பார்த்தார். "மூணாவதுலயா மாட்டின? அது ஆறடி மூணு அங்குல ஆளுக்கும்மா. தம்பி அவ்வளவு இல்லையே?"

இல்லை. அவன் ஆறடி ஒரு அங்குலம். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான் இருந்தது. அம்மாவிடம் எடுத்துக் காட்டினேன்.

அம்மா அந்தச் சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"கட்டில் பத்தாம காலை மடக்கிப் படுத்திருந்தான். அதைப் பார்த்துட்டு டாக்டர் சிரிச்சாரு. 'பையன் இன்னும் ரெண்டு வருஷத்துல ரெண்டு அங்குலம் வளருவான்'னாரு."